நீ நிரப்பாமல் விட்ட கட்டம்

மகன் செல்வராசுவுக்கு,

இந்த முதல் சொல்லை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நீ இந்த நாட்டுக்கு வந்த மூன்று வருடமாக உனக்கு அனுப்பிய சீட்டுகளில் எல்லாம் ‘தம்பிக்கு’ என்றுதான் எழுதியிருக்கிறேன். தோட்டத்துக் கேட்டில் யாராவது பிரித்துப் பார்த்தால் சந்தேகம் வரக்கூடாது என்கிற எச்சரிக்கை. இன்று அந்த எச்சரிக்கை தேவையில்லை. பிரிக்கிறவர்கள் பிரிக்கட்டும். கொண்டுவந்து கொடுக்கிற உங்கள் தோட்ட ஆபீஸ் பெரிய கிராணியார் வழியிலேயே வாசித்தாலும் வாசிக்கட்டும். சேதி நல்ல சேதி. நேரில் வந்து சொல்லலாம்தான். ஆனால் நான் நேரில் பேசினால் பாதியில் சரக்கு, லாரி என்று கடைப் பேச்சுக்குத் தாவிவிடுவேன். அது உனக்கும் தெரியும். அதனால்தான் இன்று ஒரு பகல் முழுதும் கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் காலையில் பெரிய கிராணியார் கடைக்கு வந்தார். அவருக்குப் பால் டின்னில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டை போடாத டின் காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று சட்டம் போட்டதிலிருந்து, இந்தக் கடையில் சுத்தியலுக்கும் ஆணிக்கும் ஓய்வில்லை. நீ என் தங்கச்சி மகன் என்று நம்புகிறவர் அவர்; தம் யாழ்ப்பாணப் பேச்சில் நிதானமாகத் தொடங்கினார். “என்ன முதலாளி, உங்கட மருமகன்ட விசயம் கேள்விப்பட்டனீங்களோ? துரை கையெழுத்து வைச்சிட்டார். இந்தப் பெடியன் தோட்டத்துக்கு வேணும், இவனுக்குப் பதிலா இங்க ஆள் கிடைக்கேல்லை, நிரந்தரமாத் தங்க விடுங்கோ எண்டு எழுதிக் குடுத்திட்டார். செவ்வாய்க்கிழமை சிரம்பானில விசாரணை. அங்க முத்திரை விழுந்தா, பிறகு வருசா வருசம் பாஸ் புதுப்பிக்கிற வேலை இல்லை.” நான் டின்னில் ஆணியை அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் டின்னைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஓட்டை ரெண்டு போதும் முதலாளி, இது சல்லடை மாதிரிக் கிடக்கு,” என்றார். வேறு டின் கொடுத்தேன். பணம் வாங்கவில்லை. கிராணியாருக்கு அதுதான் பெரிய அதிசயமாக இருந்திருக்கும்.

அதோடு அவர் போயிருந்தால் நானும் சந்தோஷத்தோடு உட்கார்ந்திருப்பேன். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார். “ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை. படிவத்தில எல்லாத்தையும் வடிவா நிரப்பியிருக்கிறான். தகப்பன் உயிரோட இருக்கிறாரோ, இருந்தா எங்க இருக்கிறார் எண்டு ஒரு கட்டம். அதை மட்டும் வெறுமனே விட்டிருக்கிறான். கேட்டா நாளைக்கு எழுதறேன் எண்டுறான். மூண்டு நாளாச்சு. தகப்பனோட ஏதும் கோவமோ?” அவர் போன பிறகு வந்தவர்களுக்கு என்ன கொடுத்தேன், என்ன வாங்கினேன் என்று நினைவில்லை. நீ ஏன் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. ‘இல்லை’ என்று எழுத உனக்கு மனம் வரவில்லை. ‘இருக்கிறார், பகாவ் ஊரில்’ என்று எழுதினால் நான் மாட்டிக்கொள்வேன். என்னைக் காப்பாற்ற உன் வாழ்க்கையின் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறாய்.

பெயர் விஷயம் உனக்குத் தெரியும். ஆனால் முழுதும் தெரியாது. அதை இன்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நான் பகாவுக்கு வந்தது ராமையா முதலாளி கடைக்குச் சம்பள ஆளாக. ஜப்பான்காரன் காலம் முடிந்ததும் முதலாளி ஊரோடு போய்விடத் தீர்மானித்தார். கடையை என்னிடம் விட்டார். பலகை அப்படியே இருந்தது. லைசென்சும் அவர் பெயரிலேயே இருந்தது. தோட்டத்து ஜனங்களுக்குப் பலகையில் இருக்கிற பெயர்தான் கடைக்காரன் பெயர். ஒரே வருடத்தில் நான் ‘ராமையாண்ணே’ ஆகிவிட்டேன். திருத்தவில்லை. பழகின பெயரை மாற்றினால் வாடிக்கை போகும் என்று கணக்குப் போட்டேன். ஊரிலிருந்து உன் அம்மா எழுதுகிற கடிதங்கள் ‘மாரிமுத்து, ராமையா கடை’ என்று வரும். என் கடையிலேயே நான் விருந்தாளி மாதிரி அவற்றை வாங்கிக்கொள்வேன். தபால்காரர் ஒருமுறை, “யாருண்ணே இந்த மாரிமுத்து, கடைக்கு வரவே மாட்டேங்கிறாரு?” என்று கேட்டார். “உள்ளே படுத்திருக்கான், சோம்பேறி,” என்று சொல்லிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

காட்டுச் சண்டை தொடங்கி அவசரகாலம் வந்தது. ஒவ்வொருவரும் அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் என்று சட்டம். பள்ளிக்கூடத் திடலில் வரிசையாக நின்றோம். போட்டோ பிடித்தார்கள், கட்டைவிரலை மையில் வைத்து உருட்டினார்கள். குமாஸ்தா பெயர் கேட்டார். என் சட்டைப் பையில் லைசென்ஸ் இருந்தது, ராமையா பெயரில். அரிசி விற்கிறவன் யாருக்கு விற்கிறான் என்று துருவிப் பார்க்கிற காலம். கார்டில் ஒரு பெயர், லைசென்சில் ஒரு பெயர் என்றிருந்தால் கடையைப் பூட்டிவிடுவார்களோ என்று பயந்தேன். ‘ராமையா’ என்றேன். அப்பா பெயர் என்ன என்றார். ஒரு கணம் கூட யோசிக்காமல் முதலாளியின் அப்பா பெயரைச் சொன்னேன், ‘சுப்பையா’ என்று. உன் தாத்தா பெருமாள் நெல் சுமந்து வளர்த்த மகன் நான். அவரை ஒரு மூச்சில் மாற்றிப்போட்டேன். அன்று கடைக்கு நடந்து வரும்போது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன், செல்வராசு. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. பயந்து பொய் சொன்னது கூடப் பரவாயில்லை. அதில் நான் சந்தோஷப்பட்டேன்.

இனி உனக்குத் தெரியாத பாதி. உன்னையும் அம்மாவையும் ஏன் சின்ன வயதிலேயே அழைத்துக்கொள்ளவில்லை என்று நீ கேட்டபோதெல்லாம், ‘நேரம் சரியில்லை, தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள், லாரியைச் சுடுகிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று இருந்தேன், அதற்குள் உனக்கு வயது தாண்டிவிட்டது, சட்டம் கதவைச் சாத்திவிட்டது’ என்று சொன்னேன். அது பாதிதான். இங்கே குடியிருக்கிறவன் தன் சின்னப் பிள்ளைகளை அழைத்துக்கொள்ள வழி இருந்தது. அதற்கு அப்பனுடைய கார்டில் இருக்கிற பெயரும் பிள்ளையின் காகிதத்தில் அப்பன் பெயராக இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். உன் காகிதத்தில் மாரிமுத்து. என் கார்டில் ராமையா. நான் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் அப்போதே திருத்தியிருக்கலாம். கடை போய்விடுமே என்று ஒரு வருடம் தள்ளினேன், இன்னொரு வருடம் தள்ளினேன். உனக்கு மீசை முளைத்துவிட்டது. சட்டம் சாத்தின கதவு இல்லை அது. நான் சாத்தினது. உன் அம்மாவுக்கும் இதைத் தனியாக எழுதியிருக்கிறேன்.

பெற்ற அப்பன் அழைத்துக்கொள்ள முடியாத பிள்ளையை ஒரு வெள்ளைக்காரத் துரை அழைத்துக்கொண்டார். டைப் அடிக்கத் தெரிந்த சின்னக் கிராணி வேண்டும், இருந்தவன் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று பெரிய கிராணியார் இதே கடையில் நின்று புலம்பினார். ‘என் தங்கச்சி மகன் ஒருத்தன் ஊரில் இருக்கிறான்’ என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. தற்காலிக பாஸில் நீ கப்பலேறினாய். கிள்ளான் துறைமுகத்தில் நீ கூட்டத்துக்குள் என்னைத் தேடி, கண்டுபிடித்து, கையில் பெட்டியோடு ஓடிவந்தாய். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு பார்த்த மகனிடம் நான் பேசிய முதல் பேச்சு, “நாலு பேர் முன்னால என்னை மாமான்னு கூப்பிடு.” நீ, “தனியா இருக்கும்போது?” என்று கேட்டாய். “வாய் தவறிடும். எப்பவுமே அப்படியே கூப்பிடு,” என்றேன். நீ தலையாட்டிவிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தாய். நான் அதைத் தூக்க வந்தபோது விடவும் இல்லை.

கேட்டில் நடந்ததையும் நான் மறக்கவில்லை. தோட்டத்துக்குச் சரக்கு கொண்டுவந்திருந்தேன். காவலுக்கு நின்ற போலீஸ் சார்ஜன் உன்னைப் பார்த்து இவர் யார் என்று கேட்டார். நீ வாய் தவறி ‘அப்பா’ என்றுவிட்டாய். நான் உடனே சிரித்து, “வயசானவங்க எல்லாரையும் இவன் அப்பான்னுதான் கூப்பிடுவான், சார்ஜன்,” என்று மழுப்பினேன். சார்ஜனும் சிரித்தார். அதற்குப் பிறகு மூன்று மாதம் நீ கடைப்பக்கம் வரவில்லை. நான் ஆள் விட்டுக் கேட்டதற்கு ‘வேலை அதிகம்’ என்று சொல்லி அனுப்பினாய். வேலை அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களைக் கம்பி வேலிக்குள் மாற்றின நேரம் அது. குடும்பம் குடும்பமாகப் பெயர்ப் பட்டியல் எடுத்தது நீதான். பழைய பதிவேட்டில் பாதிப் பேருக்கு அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில், கப்பலேற்றிக் கூட்டிவந்த கங்காணி பெயர் இருந்ததாம். நீ ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, “உன்னைப் பெத்தவர் பேர் என்ன?” என்று கேட்டு எழுதினாயாம். ஒரு கிழவர் ஐம்பது வருடத்துக்குப் பிறகு தன் அப்பா பெயரைச் சொல்லி அழுததாக லயத்து ஜனங்கள் இங்கே வந்து சொன்னார்கள். துரைக்கு உன்மேல் மதிப்பு வந்தது அந்தப் பட்டியலில்தான் என்கிறார் கிராணியார். எல்லோருக்கும் அப்பா பெயரைச் சரியாக எழுதிக் கொடுத்தவன், தன் படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறான்.

அதனால் நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் சிரம்பான் போனேன். பையில் ஒரு மாற்றுச் சட்டையும் வேட்டியும் எடுத்து வைத்துக்கொண்டேன். பொய்க் கார்டு வைத்திருந்ததற்கு உள்ளே வைத்துவிட்டால் உடுத்த வேண்டுமே. அங்கே தெமியாங் வட்டாரத்தில் மனு எழுதுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார், மூக்குக் கண்ணாடியும் பழைய டைப் மெஷினுமாக. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “ராமையா இப்ப எங்க?” என்றார். “ஊருக்குப் போய் நாலு வருசத்துல காலமாயிட்டாரு,” என்றேன். “அப்போ செத்தவன் பேர்ல யாவாரம் பண்ணிருக்கீங்க. அவரு ஆவியா வந்து பேரைக் கேட்டிருந்தாலும் பேரம் பேசித்தான் அனுப்பியிருப்பீங்க போல,” என்றார். பேசட்டும் என்று விட்டேன். நன்றாகத்தான் அடித்துக் கொடுத்தார். என் பெயர் மாரிமுத்து, என் அப்பா பெருமாள், என் மகன் செல்வராசு என்று மூன்று வரி. வாசித்துக் காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டேன். அவர், “இன்னொரு தடவை வாசிச்சா தனிக் கூலி,” என்றார்.

ஆபீசில் ஒரு மலாய் குமாஸ்தாவும் உள்ளே ஒரு வெள்ளைக்கார அதிகாரியும். குமாஸ்தா என் கார்டையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “மானா சத்து பெத்துல்?” என்றார், இதில் எது உண்மை என்று. மனுவைத் தொட்டுக் காட்டினேன். அதிகாரி அழைத்தார். இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் வந்தாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் சொன்னேன். என் மகன் செவ்வாய்க்கிழமை இந்த ஊருக்கு விசாரணைக்கு வருகிறான், அவனிடம் அப்பா எங்கே என்று கேட்பார்கள், அவன் பொய் சொல்லவும் கூடாது, வாய் மூடி நிற்கவும் கூடாது என்றேன். அவர் மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதினார். வெளியே உட்காரச் சொன்னார். பிற்பகல் வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாற்றுச் சட்டையைப் பைக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கடைசியில் குமாஸ்தா வந்து பழைய கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, முத்திரை போட்ட ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார். புதுக் கார்டு வருகிற வரை இதுதான் கார்டு என்றார். அதில் என் பெயர் இருக்கிறது. என் அப்பா பெயரும் இருக்கிறது.

சும்மா விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அரிசி லைசென்சு என் பெயருக்கு மாறுகிற வரை ரேஷன் அரிசி விற்கக்கூடாது. தோட்டத்துக் குடும்பங்களின் ரேஷன் சீட்டுகளை எதிர்க்கடைச் சீனருக்கு மாற்றிவிடுவார்கள். போனவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எந்தச் சேதத்துக்குப் பயந்து இத்தனை வருடம் ஒளிந்திருந்தேனோ, அந்தச் சேதம் இவ்வளவுதான். வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சீன அம்மாளிடம் மனு நகலைக் காட்டி, “அனாக் சாயா, அனாக் சாயா,” என் மகன், என் மகன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, கல்யாண வீட்டுக்காரனுக்குச் சொல்வதுபோல வாழ்த்திவிட்டு இறங்கிப் போனார்.

இன்று காலை பலகை எழுதுகிற ஆ சோங் வந்தான். “புது தவுக்கேயா?” என்றான், முதலாளி மாறிவிட்டதாக நினைத்து. “பழைய தவுக்கேதான், பேர்தான் புதுசு,” என்றேன். அவன், “உனக்கு வயசான பிறகு பேர் வைக்கிறாங்களா?” என்று ஏணியில் நின்றபடியே கேட்டான். ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போய்விட்டு வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். “அண்ணே, கடையை வித்துட்டீங்களா லா?” “யாருண்ணே அந்த மாரிமுத்து, நல்ல மனுசனா?” “கடன் குடுப்பாரா, இல்ல உங்கள மாதிரியா?” பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை, செல்வராசு. உன் அம்மாவைக் கல்யாணம் செய்த அன்றைக்குக் கூட நான் இப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதில்லை.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேள். இந்தக் கடிதத்தோடு அந்தச் சீட்டின் நகலையும் மனுவின் நகலையும் வைத்திருக்கிறேன். துரையின் கடிதம், பழைய பாஸ், கப்பல் சீட்டு, எல்லாவற்றையும் ஒரே உறையில் வை. மடிக்காதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல். விளையாட்டுப் பேச்சு வேண்டாம், அது உனக்கு என்னிடமிருந்து வந்தது, ஆபீசுகளில் அது எடுபடாது. பெர்மிட் கைக்கு வந்து முத்திரையைக் கண்ணால் பார்க்கிற வரை தோட்டத்தில் யாரோடும் சச்சரவு வேண்டாம். உன்னைச் சிலர் ‘பாஸ் கிராணி’ என்று கூப்பிடுவதும், ‘பாஸ் முடிஞ்சா கப்பல்தானே’ என்று சீண்டுவதும் எனக்குத் தெரியும். போன வருடம் அதற்காக நீ வேலையை உதற நினைத்ததையும் கிராணியார் சொன்னார். உன் பாஸ் அந்தத் தோட்டத்தோடு கட்டினது. வேலையை விட்ட அன்றே நாட்டையும் விடவேண்டும். இன்னும் நாலு நாள் பல்லைக் கடித்துக்கொள். அந்தப் பட்டப்பெயரை அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது.

துரை தருமம் செய்வதாக நினைத்து உருகிவிடாதே. நன்றி சொல், அதற்கு மேல் குனியாதே. அவருக்கு ஆள் தேவை, உனக்கு இடம் தேவை. இரண்டு பக்கமும் லாபம் இருந்தால்தான் வியாபாரம் நிற்கும். அதற்காகப் பெர்மிட் வந்த மறுநாளே வேலையை விட்டுவிட்டு வந்தும் நிற்காதே. உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டவர் அடுத்த ஆளுக்குப் போடத் தயங்குவார். கொஞ்ச காலம் ஒழுங்காக வேலை பார். பிறகு தோட்டத்திலேயே இருப்பதா, டவுனில் ஆபீஸ் வேலை தேடுவதா, இந்தக் கடைக்கு வருவதா என்று நீயே முடிவெடு. கடைக்கு வா என்று நான் கேட்க மாட்டேன். எனக்காக நீ விட்டது போதும்.

ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். விசாரணைக்கு முந்தின இந்தச் சனிக்கிழமை, சம்பளப் பட்டியல் முடிந்ததும் லாரியில் பகாவுக்கு வா. எப்போதும் வருகிற மாதிரிப் பின்வாசல் வழியாக வராதே. முன்னால் வா. பலகையில் வண்ணம் காய்ந்திருக்கும், வாசித்துப் பார். கடையில் ஆட்கள் இருப்பார்கள், தோட்டத்து ஆட்களும் இருப்பார்கள், சார்ஜனும் சுருட்டு வாங்க வருகிற நேரம் அது. அத்தனை பேர் முன்னாலும் என்னை எப்படிக் கூப்பிட வேண்டுமோ அப்படிக் கூப்பிடு. மூன்று வருடப் பழக்கத்தில் வாய் தவறி ‘மாமா’ என்று வந்துவிட்டால் பரவாயில்லை. திருப்பிச் சொல். நான் காத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் முதல் வேலையாகப் படிவத்தை எடு. அந்தக் கட்டத்தில் பெரிய கையெழுத்தில் எழுது: உயிரோடு இருக்கிறார். பகாவ் கடைத்தெரு.

உன் அப்பா,
பெ. மாரிமுத்து